கடையாணி பார்த்தாச்சா?

பிரயாணம் கிளம்புகிறவர்கள் பெட்டியைத்தான் பத்துத் தடவை திறந்து பார்ப்பார்கள். வண்டியை யார் பார்க்கிறார்கள்? நானும் அப்படித்தான் இருந்தேன். இங்கிலாந்தின் வடக்கே யார்க்ஷயர் பிரதேசத்தில், ஒரு காருக்குப் பின்னால் கட்டிய குட்டி வீட்டில் மூன்று நாள் குடித்தனம் நடத்திவிட்டு வந்த பிறகு எனக்குப் புத்தி வந்திருக்கிறது. அந்தப் புத்தியைப் புகட்டியவர் எழுபத்து நாலு வயதான ஒரு நாகப்பட்டினத்துப் பாட்டியம்மாள் என்றால் நம்புவீர்களா, நேயர்களே?

என் பெரியப்பா மகள், எனக்கு அக்கா, திர்ஸ்க் என்ற சின்ன ஊரில் இருக்கிறாள். அத்தான் டாக்டர். அவருடைய தாயார், அக்கா முறையில் எனக்கும் அத்தை, ஆறு மாதம் மகனோடு இருந்துவிட்டுப் போக வந்திருந்தார். வந்தவருக்குக் காணக் கிடைத்ததெல்லாம் மழை, ஜன்னல், மறுபடியும் மழை! ஆகஸ்டு மாதக் கடைசியில் ஊருக்குத் திரும்ப டிக்கெட் எடுத்தாகிவிட்டது.

"சமுத்திரத்தை ஒரு தடவை பார்த்துட்டுப் போயிடறேன், தம்பி" என்றார் ஒருநாள். ஆறு மாதத்தில் அவர் கேட்டது அது ஒன்றுதான்.

கேட்டது சின்ன ஆசை. நிறைவேற்றுவதுதான் பெரிய பாடு. அத்தைக்கு முழங்கால் வலி. ஹோட்டல் மாடிப்படி ஆகாது. ஹோட்டல் சாப்பாடு அதைவிட ஆகாது. அப்போதுதான் அத்தானுக்குக் காரவான் யோசனை உதித்தது. காரவான் என்றால் சக்கரம் வைத்த வீடு. கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ளேயே உண்டு. கார் இழுத்துக்கொண்டு போகும். 1885-ஆம் ஆண்டில் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற டாக்டர் 'வாண்டரர்' என்று ஒரு வண்டி கட்டச் செய்து, இரண்டு குதிரைகளைப் பூட்டி உல்லாசப் பிரயாணம் போனாராம். அந்தப் பைத்தியம்தான் இன்றைக்கும் அந்த தேசத்தாரைப் பிடித்து ஆட்டுகிறது.

காரவானை ஒரு நண்பர் இரவல் கொடுத்தார். ஆனால் எதில் கட்டுவது? அத்தானின் கார் 1995-ஆம் ஆண்டு மாடல். வயதானாலும் உழைப்புக்கு அஞ்சாதது. எனினும் அதன் பின்புறத்தில் கொக்கி கிடையாது.

அந்தக் கொக்கிக்கு 'டோ-பார்' என்று பெயர். காரின் அடிச்சட்டத்தோடு போல்ட் போட்டு முடுக்கும் ஓர் இரும்புக் குறுக்குச் சட்டம். அதிலிருந்து அன்னத்தின் கழுத்தைப் போல் வளைந்து வெளியே வரும் ஒரு கம்பி. கம்பியின் தலையில் 50 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஓர் உருண்டை. காரவானின் வாய் இந்த உருண்டையைக் கவ்விக்கொள்ளும். கழுத்தை மட்டும் கழற்றி மாட்டக்கூடிய ரகமும் உண்டு. இழுக்க வேண்டிய வேலை இல்லாதபோது அதைக் கழற்றி டிக்கியில் போட்டுவிடலாம். நம்பர் பிளேட்டை மறைத்துச் சட்டத்தில் மாட்டாது; காருக்குப் பின்னால் நடக்கிறவர்களின் முழங்காலையும் பதம் பார்க்காது. அத்தான் அந்த ரகத்தையே வாங்கினார்.

பக்கத்து ஒர்க்ஷாப்பில் ஒரு கிழ மெக்கானிக். காரைத் தூக்கி நிறுத்தி, அடியில் போய் நின்று, ஸ்க்ரூ டிரைவரின் முனையால் இங்கும் அங்கும் தட்டினார். 'டங் டங்' என்று வந்த ஓசை ஓர் இடத்தில் 'பொத்' என்று மாறியது. இன்னொரு தட்டு, துரு பொலபொலவென்று உதிர்ந்தது! குளிர்காலத்தில் பனி உறையாமல் இருக்கச் சாலையில் உப்பைத் தூவுகிறார்களே, அந்த உப்பு செய்த உபகாரம். டோ-பாரைத் தாங்க வேண்டிய இடமே அதுதான்.

"வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்யாமல் நான் ஒரு போல்ட்கூடப் போட மாட்டேன்" என்று கையைத் துடைத்துக்கொண்டார் கிழவர். அதற்குப் பத்து நாள் ஆகும், பணமும் ஆகும். அத்தை கிளம்ப இருந்ததோ மூன்றே வாரம்.

அன்று ராத்திரி வீட்டில் பெரிய வாக்குவாதம். "ஒரே ஒரு பிரயாணம்தானே! மெதுவாப் போயிட்டு வந்தா என்ன? வேற ஆளைப் பார்க்கறேன்" என்றார் அத்தான்.

"ஏங்க, பின்னாடி வர்ற காரிலேயும் ஒரு குடும்பம் இருக்குமே!" என்றாள் அக்கா.

மூலையில் உட்கார்ந்து வெற்றிலைக்கு ஏங்கிக்கொண்டிருந்த அத்தை மெள்ள வாயைத் திறந்தார். "நான் சின்னப் பொண்ணு. சிக்கலுக்குச் சூரசம்ஹாரம் பார்க்கக் கூண்டு வண்டியிலே போனோம். கடையாணி தேய்ஞ்சிருக்குன்னு வண்டிக்காரர் சொன்னார். 'இன்னிக்கு ஒரு நாள் தாங்கும்'னு எங்கப்பா சொல்லிட்டார். வாய்க்கால் திருப்பத்திலே சக்கரம் தனியா ஓடிப்போச்சு. எங்க அண்ணனுக்குக் கை ஒடிஞ்சது. கடைசி மட்டும் அந்தக் கை நேராகவே இல்லை. சமுத்திரம் எங்கேயும் போயிடாது, தம்பி."

அத்தான் பதில் பேசவில்லை. மறுநாள் காலையிலேயே காரைக் கிழவரிடம் விட்டுவிட்டு வந்தார்.

பத்தாம் நாள் வேலை முடிந்தது. புதுத் தகட்டில் துளையிட்டு, துளையின் ஓரமெல்லாம் துரு பிடிக்காத பெயிண்ட் பூசி, போல்ட்டுகளை அளவு காட்டும் ஸ்பானரால் குறிப்பிட்ட இறுக்கத்துக்கு முடுக்கியிருந்தார் கிழவர். காரவானின் விளக்குகளுக்குத் தனி ஒயர் இழுத்து, நடுவே ஒரு ரிலேயும் வைத்திருந்தார். பழைய காரின் ஒயர்கள் இரண்டு வண்டி விளக்குகளின் சுமையைத் தாங்காதல்லவா? "கொஞ்ச தூரம் இழுத்த பிறகு போல்ட்டுகளை மறுபடி முடுக்கிப் பாருங்கள்" என்றும் சொல்லி அனுப்பினார்.

அங்கே சட்டம் எப்படியென்றால், 1998 ஆகஸ்டு முதல் தேதிக்குப் பிறகு பதிவான கார்களுக்கு அந்தந்த மாடலுக்கென்று பரிசோதித்து அங்கீகரித்த டோ-பாரைத்தான் பொருத்தலாம். அதற்கு முந்திய கார்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கட்டாயம் இல்லாத இடத்தில்தான் மனச்சாட்சிக்கு வேலை அதிகம்!

புறப்படும் நாள் வந்தது. அத்தை சால்வையைப் போர்த்திக்கொண்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மேற்பார்வை செய்தார். அரிசி மூட்டையையும் கிரைண்டரையும் காரவானின் பின்கோடியில் வைக்கப் போனேன். "பின்பாரம் ஆகாதுடி!" என்று அதட்டினார். அது முற்றிலும் சரி. கனமானவற்றை அச்சுக்கு மேலேயே வைத்து, மொத்த எடையில் 5 முதல் 7 சதவிகிதம் முன்பாரமாக உருண்டையின்மேல் இருக்கும்படி பார்த்துக்கொள்வது அங்கேயும் வழக்கம். பின்பாரம் மிஞ்சினால் காரவான் மீன் வாலைப் போல் ஆடும். காரையும் சேர்த்து ஆட்டும்.

அத்தான் அன்னக் கழுத்தை எடுத்துக் குழாயில் சொருகினார். 'க்ளிக்' என்றது. அந்த ரகத்தில் பூட்டு சரியாக விழுந்தால் பச்சைக் குறி தெரியும். சாவியும் வெளியே வரும். குறியைப் பார்க்காமலே சாவியை இழுத்தார். வரவில்லை. "புதுப் பூட்டு, இறுக்கமா இருக்கு. சாவி அதிலேயே இருக்கட்டும்" என்று எழுந்தார்.

"தம்பி, கடையாணி பார்த்தாச்சா?" என்று குரல் வந்தது வாசலிலிருந்து.

சிரித்துக்கொண்டே குனிந்து பார்த்த அத்தானின் முகம் மாறிவிட்டது. பச்சை இல்லை, சிவப்பு! கழுத்தைக் கழற்றினார். குழாய்க்குள்ளே, அரிசியில் கிடக்குமே அந்த அளவில், ஒரு கல். துடைத்து மறுபடி சொருகினார். இப்போது பச்சை, சாவியும் வெண்ணெய் போல் வந்தது. அந்தக் கல்லோடு நாங்கள் கிளம்பியிருந்தால்? நினைக்கவே வேண்டாம்.

பிறகு காரவானைப் பூட்டினோம். ஒருவேளை பிடி விட்டுப் போனால் காரவானின் பிரேக்கை இழுத்துவிட ஒரு மெல்லிய கம்பிக் கயிறு உண்டு. அதைக் கழற்றும் கழுத்தில் சுற்றினால் பயன் என்ன? கழுத்தோடு அதுவும் போய்விடுமே! காரில் நிலையாக உள்ள வளையத்தில் அக்கா அதை மாட்டினாள். அக்கா மகன் பின்னால் நின்று, "இடது எரியுது! வலது எரியுது! பிரேக் எரியுது!" என்று கட்டியம் கூறினான். கிளம்பினோம்.

திர்ஸ்கிலிருந்து கிழக்கே போக சட்டன் பாங்க் என்ற மலையேற்றம்தான் நேர் வழி. நாலடிக்கு ஓரடி ஏற்றம்! காரவான்களுக்கு அங்கே அனுமதி கிடையாது. ஆகவே யார்க் நகர்ப் பக்கமாகச் சுற்றி, மால்ட்டன் வழியாகப் பிக்கரிங் போனோம். கார் பின்னால் எதையாவது இழுத்தால் சாதாரணச் சாலையில் மணிக்கு 50 மைல்தான் உச்ச வேகம். மெதுவாகப் போனதால் அல்லவா எல்லாவற்றையும் பார்க்க முடிந்தது! ராத்திரி பிக்கரிங்குக்குப் பக்கத்தில் தங்கினோம். குட்டி அடுப்பில் அத்தை ரசம் வைத்தார். அந்த வாசனைக்குப் பக்கத்து காரவான் துரைசானிகூட எட்டிப் பார்த்தாள்.

மறுநாள் காரவானை அங்கேயே விட்டு, கழுத்தையும் கழற்றி டிக்கியில் போட்டுவிட்டுக் காரில் மட்டும் விட்பிக்குப் போனோம். வழியில் செங்குத்துச் சரிவு உண்டு. கழற்றும் வசதியின் அருமை அங்கே தெரிந்தது. ஆகஸ்டு மாதமாதலால் மேட்டு நிலமெங்கும் ஹெதர் பூத்து ஊதாக் கம்பளம் விரித்திருந்தது. ஹோல் ஆஃப் ஹார்க்கம் என்ற பள்ளத்தைப் பார்த்தோம். 400 அடி ஆழம்! ஒரு ராட்சதன் கைநிறைய மண்ணை அள்ளி எறிந்ததால் உண்டானது என்று அந்த ஊர்ப் பாட்டிகளும் கதை சொல்கிறார்கள்.

விட்பி பழைய துறைமுகம். கேப்டன் குக் உலகைச் சுற்றிய 'எண்டெவர்' கப்பல் 1764-இல் இங்கேதான் கடலில் இறங்கியது. குன்றின்மேல் உள்ள பாழடைந்த மடாலயத்துக்கு ஊரிலிருந்து 199 படிகள். அத்தை படி ஏறவில்லை; கார் மேலே வரை போகிறது.

மேலே போய்க் காரிலிருந்து இறங்கினார். கீழே சாம்பல் நிறக் கடல். வெகுநேரம் பேசாமல் நின்றார். பிறகு, "நிறம்தான் வேறே, வாடை நாகப்பட்டணத்து வாடைதான்" என்றார். அத்தான் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். கடற்காற்று கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

உங்கள் பிள்ளையோ மருமகனோ அந்த தேசத்தில் பழைய காரில் டோ-பார் மாட்டப்போவதாக எழுதினால், மூன்றே மூன்று கேள்வி கேளுங்கள்: அடிச்சட்டத்தில் துரு பார்த்தாயா? பச்சைக் குறி தெரிகிறதா? சாவி வெளியே வந்ததா?

நான் சென்னைக்கு வந்து இறங்கி, மீனம்பாக்கத்தில் டாக்ஸியில் ஏறுமுன் குனிந்து சக்கரத்தைப் பார்த்தேன்.

"என்னம்மா தேடறீங்க?" என்றார் டிரைவர்.

"கடையாணி" என்றேன்.