தொகுப்பான் சொன்னதும் எமக்குக் கிடைத்ததும்

சில மாதங்களுக்கு முன்னர் ஒரு சனிக்கிழமை மாலை, என்னிடம் பயிலும் மாணவனொருவன் தன் மடிக்கணினியுடன் வந்து என் வீட்டு விறாந்தையில் நின்றான். கனடாவிலுள்ள தாய்மாமன் பாவித்தபின் அனுப்பிய ‘மக்’ கணினி அது. “பழுதாக்கிவிட்டேன் போலும், சேர்” என்றான். குரல் தழுதழுத்தது.

சீ மொழியில் எழுதப்பெற்ற இலவச மென்பொருளொன்றின் மூலநிரலைப் பதிவிறக்கி, அதனை இயங்கத்தக்க கோப்பாகக் கட்டியெழுப்ப அவன் முயன்றிருந்தான். முதல்வாரம் வரை இடையூறின்றி நடந்த வேலை அது. இப்போதோ, “சீ தொகுப்பானால் இயங்கு கோப்புகளை ஆக்க இயலவில்லை” என்ற பொருள்பட ஒரு வழுச்செய்தி தோன்றி, யாவும் நின்றுவிட்டன.

அவ்வாசகத்தை நான் அப்படியே நம்பினேன். தொகுப்பான் கெட்டுவிட்டது என்று தீர்ப்புக் கூறி, “தம்பி, எக்ஸ்கோட் முழுவதையும் அழித்துவிட்டு மீளப் பதிவிறக்கும்” என்றேன். அது பல கிகாபைட் பருமனுடையது. அவன் வீட்டின் ஒரு மாத இணையப் பங்கீடு அதிலேயே கரைந்தது. அடுத்த சனிக்கிழமை வந்தான், அதே வாசகம்!

அதன் பின்னரே எனக்குப் புத்தி வந்தது. கட்டுமானத்திற்கு முன் ஓடும் ‘கொன்பிகர்’ என்னும் ஆயத்த நிரல், மிகச் சிறிய சீ நிரலொன்றைத் தானே எழுதித் தொகுப்பானிடம் கொடுத்துப் பார்க்கும். அது தொகுக்கப்படாவிடின், காரணம் யாதாயினும், திரையில் மேற்கண்ட வாசகமே வரும். தொகுப்பான் உண்மையில் உரைத்த மறுமொழி ‘கொன்பிக்.லொக்’ என்னும் கோப்பினுள் அடைபட்டுக் கிடக்கும். அக்கோப்பைப் பார்க்குமாறு அடியில் ஒரு வரி இருந்தது உண்மையே. பதறியவன் கண்ணுக்கு அது படவில்லை. பதறாத என் கண்ணுக்கும் படவில்லை என்பதே வெட்கம்.

நூற்றுக்கணக்கான வரிகளின் நடுவே விடை இருந்தது. எக்ஸ்கோட்டின் உரிம ஒப்பந்தம் ஏற்கப்படவில்லை. நிருவாகி அதனை ஏற்கவேண்டும் என அங்கே தெளிவாகக் கூறப்பட்டிருந்தது. எக்ஸ்கோட்டைப் புதுப்பித்தவன் அதனை ஒருமுறையேனும் திறக்கவில்லை. முனையச் சாளரத்திலேயே வேலை செய்து வந்தான். ஒப்பந்தம் ஏற்கப்படும்வரை தொகுப்பான் மறுத்து, 69 என்ற வெளியேற்றக் குறியீட்டுடன் நின்றுவிடும். யூனிக்சு மரபில் 69 என்பது ‘சேவை கிடைக்கவில்லை’ என்பதன் குறி. ஒன்றும் பழுதாகவில்லை, கையொப்பந்தான் இடப்படவில்லை.

நிருவாகியின் கடவுச்சொல்லுடன் ‘எக்ஸ்கோட்பில்ட் -லைசென்ஸ் அக்செப்ட்’ என்று கட்டளையிட்டதும் கட்டுமானம் தடையின்றி ஓடிற்று.

“இதை முதலிலேயே திரையில் காட்டியிருக்கலாமே, சேர்?” என்றான். காட்டலாம், அஃது அரிய வித்தையன்று. மக் கணினிகளில் மென்பொருள் நிறுவ உதவும் ‘ஹோம்புரூ’, எக்ஸ்கோட் உரிமத்தை நீங்கள் ஏற்கவில்லை என்று நேரே கூறி, இடவேண்டிய கட்டளையையும் உடன் தருகின்றது.

அன்றிரவே அவன் தன் கட்டுமான நிரலின் தலைப்பில் ஒரு சோதனையைச் சேர்த்தான். வெற்று நிரலொன்றைத் தொகுத்துப் பார்த்து, குறியீடு 69 எனின், தொகுப்பானின் சொல்லை அப்படியே திரையில் இடும் நாலைந்து வரிகள். எனக்கும் ஒரு பிரதி அனுப்பினான்.

வீணான அந்த இணையக் கட்டணத்தைப்பற்றித் தந்தையாரிடம் அவன் என்ன சொன்னான் என்பதை நான் கேட்கவில்லை.