பேய்க்கும் ஓர் ஊர் உண்டு! புதுமைப்பித்தனோடு ஒரு தாமிரபரணிப் பயணம்

பேய்க்கதை என்றதும் பாழடைந்த பங்களா, நடுக்காடு, ஊளையிடும் நாய் என்றுதான் மனம் போகும். 1943-ல் வெளியான 'காஞ்சனை' சிறுகதையில் இதெல்லாம் தேவைப்படவில்லை. சாதாரணக் குடும்பம். கணவர் கதை எழுதிப் பிழைப்பவர். பிச்சை கேட்டு வாசலில் வந்து நிற்கிறாள் ஒரு பெண். மனைவி இரக்கப்பட்டு அவளை வேலைக்குச் சேர்த்துக்கொள்கிறாள். அதன்பிறகு கணவருக்கு நிம்மதியாகத் தூக்கமில்லை. வந்தவள் மனுஷியா, வேறு எதுவுமா? கதை முடிந்த பிறகும் அந்தக் கேள்வி படித்தவரை விடாது.

எழுதியவர் புதுமைப்பித்தன். இயற்பெயர் சொ.விருத்தாசலம். பிறந்தது 1906-ல், திருப்பாதிரிப்புலியூரில். ஆனால் பூர்வீகம் நெல்லைச் சீமை. அரசு வேலையில் ஊர் ஊராக மாற்றலாகிக்கொண்டிருந்த அப்பா ஓய்வு பெற்றதும், 1918-ல் குடும்பம் திருநெல்வேலிக்கே திரும்பியது. இங்குள்ள இந்துக் கல்லூரியில் படித்து 1931-ல் பி.ஏ. முடித்தார். பிறகு சென்னை, பத்திரிகை வேலை, 'மணிக்கொடி'. 1948-ல் இறந்தபோது வயது 42தான்.

அந்தக் குறுகிய காலத்தில் 'பிரம்ம ராக்ஷஸ்' எழுதினார். 'வேதாளம் சொன்ன கதை'யில் வேதாளத்தையே கிண்டலடித்தார். மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவலை 'பிரேத மனிதன்' என்று தமிழுக்குக் கொண்டுவந்தார். திகில் எழுத்தை வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்தவர் என்று அவரைச் சுருக்கிவிட முடியாது. அவர் வளர்ந்த தாமிரபரணிக் கரையில் ஒரு நாள் சுற்றினாலே அது புரியும்.

சுடுகாட்டுக்குப் போகும் சாமி

நெல்லைக் கிராமங்களில் ஊர் எல்லையிலோ, வயலோரத்திலோ ஒரு சுடலைமாடன் கோயில் கண்ணில் படும். பல இடங்களில் சிலைகூடக் கிடையாது. சுண்ணாம்பு பூசிய பீடம்தான் சாமி. விளக்குச் சுடரிலிருந்து பிறந்த பிள்ளை, ராத்திரியோடு ராத்திரியாகச் சுடுகாட்டுக்குப் போய்ப் பிணம் தின்றதால் கயிலாயத்திலிருந்து பூமிக்கு அனுப்பப்பட்டான் என்கிறது சுடலையின் கதை.

கொடை நடக்கும் இரவில் வில்லுப்பாட்டில் இந்தக் கதை விடிய விடிய ஓடும். கணியான் கூத்தின் மகுடம் முழங்க, சாமியாடி நள்ளிரவில் வேட்டைக்குக் கிளம்புவார். போகும் இடம் சுடுகாடு. வழியில் எதிரே யாரும் வரக் கூடாது. விடிந்ததும் அதே சாமிக்குப் பொங்கல் வைத்து, பிள்ளைக்கு 'சுடலை' என்று பெயரும் வைப்பார்கள். பயமும் பாசமும் இங்கே ஒரே வீட்டில்தான் குடியிருக்கின்றன.

தேயும் செருப்புகள்

திருநெல்வேலியிலிருந்து மேற்கே சுமார் 50 கி.மீ. போனால் பாபநாசம். அங்கிருந்து வனத்துறை சோதனைச் சாவடியைத் தாண்டி மலையேறினால், காரையாறு போகும் வழியில் சொரிமுத்து அய்யனார் கோயில். களக்காடு - முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் இந்தக் கோயிலில் ஆடி அமாவாசைக்குக் கூட்டம் அலைமோதும்.

அங்கே பட்டவராயன் சந்நிதியில் நேர்த்திக்கடனாகச் செருப்புகள் செலுத்தப்படுகின்றன. பட்டவராயன் என்கிற முத்துப்பட்டன், பிராமணக் குடும்பத்தில் பிறந்தவன். அருந்ததியர் வீட்டில் வளர்ந்த பொம்மக்கா, திம்மக்கா இருவர்மீதும் காதல்கொண்டான். அவர்களைக் கைப்பிடிக்கக் குடுமியையும் பூணூலையும் துறந்தான், செருப்புத் தைத்தான். மாடு திருட வந்தவர்களோடு சண்டையிட்டுச் செத்தான். மனைவியர் இருவரும் தீயில் இறங்கினார்கள்.

காணிக்கையாக வைத்த புதுச் செருப்பு சில நாள்களில், யாரோ போட்டு நடந்ததுபோலத் தேய்ந்திருக்கும் என்பது பக்தர்களின் நம்பிக்கை. கேட்கும்போது முதுகுத்தண்டு சில்லிடும். கொஞ்சம் நின்று யோசித்தால் வேறொன்று தெரியும். இந்தப் பள்ளத்தாக்கில் செத்த பிறகும் நடமாடுபவர்களில் பலர், வாழவிடாமல் அநியாயமாகச் சாகடிக்கப்பட்டவர்கள். அவர்களை மறந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் ஊர் பயப்படுகிறது, கும்பிடவும் செய்கிறது.

ஆறு மறக்காதது

அதே மலைத்தொடரில், மணிமுத்தாறு அணைக்கு மேலே இருக்கிறது மாஞ்சோலை தேயிலைத் தோட்டம். அந்தத் தொழிலாளர்களுக்காக 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் ஒரு பேரணி நடந்தது. கொக்கிரகுளத்தில், ஆட்சியர் அலுவலகம் அருகே போலீஸார் தடியடி நடத்தினார்கள். தப்பிக்க வழியில்லாமல் கூட்டம் ஆற்றில் இறங்கியது. 17 பேர் இறந்தார்கள். அதில் இரண்டு வயதுகூட நிரம்பாத குழந்தையும் ஒன்று. ஒவ்வோர் ஆண்டும் அந்தத் தேதியில் இந்த ஆற்றில் மலர் தூவி அஞ்சலி செலுத்துகிறார்கள்.

அதற்கு 60 ஆண்டுகளுக்கும் முன்பே புதுமைப்பித்தன் எழுதிய கதை 'துன்பக்கேணி'. நெல்லைக் கிராமத்திலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் மருதி என்ற பெண்ணின் கதை அது. பேயும் கிடையாது, பூதமும் கிடையாது. ஆனால் 'காஞ்சனை'யைவிட அதிகமாகப் பயமுறுத்துவது அந்தக் கதைதான். மருதிக்கு நடப்பதையெல்லாம் செய்பவர்கள் மனிதர்கள்.

இதைப் படித்துவிட்டுத் திரும்ப 'காஞ்சனை'யை எடுத்தால், வாசலில் நிற்கும் அந்தப் பெண் வேறு மாதிரி தெரிவாள். அவள் பேயா என்று கேட்பதற்கு முன்னால், அவளுக்கு என்ன நடந்தது என்று கேட்கத் தோன்றும். நெல்லையின் வில்லுப்பாட்டுக்காரர்கள் காலம்காலமாகக் கேட்டுவரும் கேள்வியும் இதுதான்.

போவதற்கு முன்...

புதுமைப்பித்தனின் எழுத்துகள் 2002-ல் நாட்டுடைமை ஆக்கப்பட்டன. அதனால் எந்தப் பதிப்பகமும் அவரை வெளியிடலாம். புதுப் பதிப்புகள் வந்துகொண்டேயிருக்கின்றன. மறைந்து முக்கால் நூற்றாண்டு தாண்டியும் புத்தகக் கடைகளுக்குப் புதிதாக வந்துகொண்டிருக்கும் திகில் எழுத்தாளர் அவர். நெல்லைக்கு ரயில் ஏறுபவர்கள் 'காஞ்சனை', 'துன்பக்கேணி' இரண்டையும் கைப்பேசியிலேயே படித்து முடித்துவிடலாம்.

சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போவதாக இருந்தால், வனத்துறையின் அனுமதி நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் வேண்டாம். பாபநாசம் படித்துறையில் குளித்துவிட்டு, பரிகாரம் என்று துணியை ஆற்றோடு விட்டுவிட்டு வராதீர்கள். இந்த ஆறு ஏற்கெனவே நிறையச் சுமந்துவிட்டது.