வேலிக்கு அப்பால்

ஏற்காடு ஏரி நிரம்பினால் அதன் மிகைநீர் கிளியூர் அருவியாக ஏறத்தாழ 300 அடி கீழே விழுகிறது. அருவி ஊரின் பெயரைத் தாங்கியிருந்தாலும் நீர் ஊரில் தங்குவதில்லை. பள்ளத்தாக்கை நோக்கிப் போய்விடுகிறது. இதற்காக எவரும் வருந்தியதாக நான் கேள்விப்பட்டதில்லை. இறை ஆசீரின் காரியத்தில்தான் மனிதன் மடை கட்ட விரும்புகிறான்.

காப்பி பூக்கும் பருவமொன்றில், இம்மலையில் ஒரு சிறு தோட்டக்காரர் தம் நிலத்தை மந்திரிக்க என்னை அழைத்தார். மிளகுக் கொடி படர்ந்த மரங்களினூடே தீர்த்தம் தெளித்துக்கொண்டே சென்றேன். எல்லை வந்ததும் அவர் என் கையைப் பற்றினார். "சாமி, வேலிக்கு அந்தப் பக்கம் விழாம பாத்துக்குங்க" என்றார். அந்தப் பக்கம் அவருடைய தம்பியின் நிலம். பாகப்பிரிவினைக்குப் பின் இருவருக்கும் பேச்சில்லை. அன்று காற்று எத்திசையில் வீசிற்று என்பதை இங்கே எழுதத் தேவையில்லை.

கையைப் பற்றிய அந்தச் செயல் எனக்குத் தொடக்க நூலின் 48ஆம் அதிகாரத்தை நினைவூட்டிற்று. கண் மங்கிய யாக்கோபு, பேரப்பிள்ளைகளுக்கு ஆசி வழங்கக் கைகளைக் குறுக்காக நீட்டுகிறார். வலக்கை இளையவன் எப்ராயிமின் தலைமேல் அமர்கிறது. யோசேப்பு அந்தக் கையைப் பிடித்து, மூத்தவன் மனாசேயின் தலைக்கு மாற்ற முயல்கிறார். முதியவர் இணங்கவில்லை. பத்து அண்ணன்மாருக்குப் பின் பிறந்தும் தந்தையின் தனி அன்பைப் பெற்றவர் யோசேப்பு. அவருக்கே வரிசைமுறை பெரிதாகத் தோன்றியதை என்னென்பது! பெற்றுக்கொண்டவர்களே வாயிற்காவலராகிவிடுவது பழைய கதைதான் போலும்.

தமிழகத் திருச்சபையிலும் அந்தக் கையைப் பிடித்தவர்கள் உண்டு. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில், 19ஆம் நூற்றாண்டில் எழுந்த திருக்குடும்ப ஆலயத்துக்கு இரண்டு நீண்ட கூடங்கள். அவை ஒரே பீடத்தில் வந்து கூடின. நடுவே சுவர். ஒரு சாதியார் மற்றவரைப் பாராமலே திருப்பலி காணலாம். எல்லாவற்றையும் இரண்டாக்கியவர்களுக்குப் பீடத்தையும் நற்கருணையையும் மட்டும் இரண்டாக்கத் தெரியவில்லை. 1910இல் சேசு சபைக் குருவான கௌசானல் அடிகள் அச்சுவரை இடிக்கச் செய்தார். எதிர்த்து நீதிமன்றம் சென்றவர்கள் தோற்றனர்.

இடிந்த சுவரைப் பற்றிப் பேசுவது நமக்கு எளிது. கல்லறைத் தோட்டத்தைச் சாதிவாரியாகப் பிரித்து வைத்திருக்கும் பங்குகள் இன்றும் உண்டே! நவம்பர் 2ஆம் நாள் அங்கே செல்லும் குரு இருபுறமும் ஒரே செபத்தைத்தான் சொல்கிறார். ஒரே செம்பிலிருந்துதான் தெளிக்கிறார். படுத்திருப்பவர்களில் எவரும் இதுவரை மறுப்புத் தெரிவித்ததில்லை.