பாடைக்கு வழி

2010இல் வந்த 'பர்க் அண்ட் ஹேர்' என்கிற பிரிட்டிஷ் படம் பிணத்தை வைத்துச் சிரிப்புக் காட்டுகிறது. நடந்த கதைதான். 1828இல் எடின்பரோவில் இரண்டு பேர் 16 பேரைக் கொன்று டாக்டர் நாக்ஸிடம் விற்றார்கள். மாணவர்களுக்கு அறுத்துக் காட்ட அவருக்குப் பிணம் வேண்டும். குளிர்காலத்தில் 10 பவுண்டு, வெயிலில் 8. படத்தில் பர்க் காதலிக்காகக் கொல்கிறான். அவள் நாடகம் போடப் பணம் வேணுமாம். சைமன் பெக் முகத்தைப் பார்த்தால் நமக்கே பாவமாக இருக்கிறது.

செத்தவர்கள்? ஒண்டிப் பிழைத்தவர்கள், நாதியற்ற கிழவிகள். ஜேமி என்று கால் ஊனமான பையன். அறுக்கிற மேசையில் மாணவர்களே அவனை அடையாளம் கண்டார்கள். பர்க்கைத் தூக்கில் போட்டார்கள். ஹேர் அப்ரூவராகித் தப்பினான். நாக்ஸ்மேல் வழக்கே இல்லை. 1832இல் சட்டமே வந்தது: கேட்பாரற்ற ஏழைப் பிணம் இனி ஓசியில். படம் இவர்கள் பக்கம் நின்று சிரிக்கவில்லை, கொன்றவன் தோளில் கைபோட்டுச் சிரிக்கிறது.

அங்கே ஏழைப் பிணத்துக்கு விலையாவது இருந்தது. நம்ம காவிரிப் பக்கம் அதுக்கு வழியே கிடையாது. ஊர்த்தெருவில் எவன் செத்தாலும் கேதம் சொல்ல, பறையடிக்க, குழி வெட்ட, எரிகிற பிணத்தைப் புரட்டிப்போடச் சேரி ஆள் வேணும். அப்ப தீட்டு இல்ல. எங்க பாடை மட்டும் தெருவில் போகக் கூடாது, வரப்பில் போகணும். சம்பா நிற்கிற மாசத்தில் வரப்பு ஒரு சாண் அகலம். முன்னால் பிடிக்கிறவன் சேற்றில் வழுக்கினால் பின்னால் இருப்பவன் பிணத்தைக் கட்டிக்கொண்டு விழுவான். படமாக எடுத்தால் தியேட்டரே சிரிக்கும்.

தமிழ் சினிமா சுடுகாட்டு மனுசனுக்குப் பேச்சே கொடுக்காது. 'பிதாமகன்' (2003) சித்தன் உறுமத்தான் செய்வான். எங்க வெட்டியான் வாயைத் திறந்தால், எந்தப் பண்ணையாருக்கு எந்த மகன் விறகில் கஞ்சத்தனம் பண்ணினான் என்று சொல்லிச் சொல்லி வயிறு நோகச் சிரிக்க வைப்பான்.

2016 சனவரியில் வழுவூர் பக்கம் திருநாள்கொண்டச்சேரியில் ஒரு தலித் முதியவர் செத்தார். அப்போது அது நாகை மாவட்டம். பொதுப்பாதையில் கொண்டுபோகலாம், காவல் கொடு என்று சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவு போட்டது. சாதி இந்துக்கள் எதிர்த்தார்கள். போலீஸ் அவர்களை விலக்கிப் பாதை விடவில்லை. பிணத்தைத் தானே எடுத்துக்கொண்டு வேறு வழியில் போய்ப் புதைத்தது. காலங்காலமாக எங்களைச் செய்யவைத்த வேலையைக் காக்கிச் சட்டை அன்றைக்கு ஒருநாள் செய்தது, தெரு தீட்டுப்படாமல் இருக்க.