தங்க மீன் தேடிக் கொளத்தூருக்கு

அம்பத்தூரில் என் தமக்கை வீட்டுக் கொல்லையில் ஒரு கறிவேப்பிலை மரம் இருக்கிறது. அதன் அடியில் மூன்று சமாதிகள். ஒவ்வொன்றும் தீப்பெட்டி அளவுதான். மேலே ஒரு கூழாங்கல்; அதன் மேல் வாடிப்போன செம்பருத்தி. மூன்றாவது சமாதி எழுப்பப்பட்ட ஞாயிற்றுக்கிழமை காலை, காப்பி சாப்பிடப் போன நானும் துக்கத்தில் கலந்துகொள்ள வேண்டியதாயிற்று.

இறந்து போனது ஒரு கோல்ட் பிஷ். அக்காவின் ஏழு வயதுப் பெண்ணுக்குப் பிறந்த நாள் பரிசாக அத்தான் வாங்கி வந்தது. முதல் மீன் ஒன்பது நாள் இருந்தது. அடுத்தது ஆறு நாள். மூன்றாவது நாலே நாளில் கிண்ணத்தின் மேலே மல்லாந்து மிதந்தது. கடைக்காரரைக் கேட்டதற்கு, "இது குளிர்ந்த தண்ணி மீன் சார், நம்ம ஊர் வெயில் தாங்காது" என்றாராம். எதிர் வீட்டுப் பாட்டி அதற்கு ஒரு படி மேலே போய், "சில பேருக்குக் கை ராசி கிடையாது" என்று சொல்லிவிட்டாள். குழந்தை அதை அப்படியே பிடித்துக்கொண்டுவிட்டது. ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னால்கூட, "நான் ஊத்தினா செத்துப் போயிடும்மா" என்று கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறது.

"பத்திரிகைக்காரன் என்று பெயர், ஊரெல்லாம் சுற்றுகிறாய். இது ஏன் சாகிறது என்று யாரையாவது கேட்டுக்கொண்டு வாயேன்!" என்றாள் அக்கா. அவள் அப்படிச் சொன்னால் அது உத்தரவு.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்து மனிதர்களுக்குத் தண்ணீர் புதிதல்ல. அம்பத்தூருக்கு ஓர் ஏரி, கொரட்டூருக்கு ஓர் ஏரி, வடக்கே போனால் செங்குன்றம், பூந்தமல்லிக்கு அப்பால் செம்பரம்பாக்கம். பாதி சென்னை இந்த வட்டாரத்து ஏரிகளைப் பார்த்துத்தான் தாகம் தீர்த்துக்கொள்கிறது. ஆனால் வண்ண மீனைப் பற்றிக் கேட்க வேண்டுமானால் எல்லாரும் ஒரே திசையைத்தான் காட்டுகிறார்கள்: கொளத்தூர். பெயரைச் சற்று வேகமாகச் சொல்லிப் பாருங்கள். 'குளத்தூர்' என்றே காதில் விழும்.

பாடி வரை பஸ். அங்கே இறங்கியதும் திருவலிதாயத்து ஈசுவரனுக்கு இருந்த இடத்திலிருந்தே ஒரு கும்பிடு. பிறகு ஆட்டோ. வில்லிவாக்கத்தைத் தாண்டிக் கொளத்தூருக்குள் நுழைந்ததும், இது வேறு உலகம் என்று தெரிந்துவிடுகிறது. மற்ற ஊர்க் கடைவாசலில் வாழைத்தார் தொங்கும். இங்கே மீன் தொங்குகிறது. ஊதிய பலூன் மாதிரி பாலிதீன் பைகள். ஒவ்வொன்றிலும் இரண்டு சிவப்பு, ஒரு கறுப்பு, நாலு புள்ளி போட்டது. கண்ணாடித் தொட்டி செய்கிறவர், கூழாங்கல் விற்கிறவர், மீன் தீனியை மூட்டையாகக் கொட்டி வைத்திருப்பவர் என்று தெருவே மீனை நம்பிப் பிழைக்கிறது. கல்கத்தாவும் பம்பாயில் குர்லாவும் இந்த வியாபாரத்தில் பெயர் போனவை. அவற்றோடு சரிசமமாக உட்காருகிறது நம் கொளத்தூர். சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமமே இந்தப் பகுதியில் வண்ண மீனுக்கென்று ஒரு வர்த்தக மையம் கட்ட முன்வந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்.

ஒரு காலத்தில் சென்னைக் குழந்தைகள் மீன் வாங்கப் போன இடம், ஸென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்திலிருந்த மூர் மார்க்கெட். கிளி, முயல், மீன், பழைய புத்தகம் எல்லாம் ஒரே கூரையின் கீழ். 1985-ல் அது தீக்கு இரையாயிற்று. மீன் பார்ப்பதற்கென்றே மெரீனாவில் 1909-ல் ஒரு காட்சிசாலை திறந்தார்கள். இரண்டாவது உலக யுத்தத்தில் குண்டு விழும் என்ற பயம் வந்தபோது அதையும் மூடிவிட்டார்கள். இரண்டும் போன பிறகும் சென்னையின் மீன் ஆசை போகவில்லை.

கடைகளில் விசாரித்து விசாரித்து, ஒரு சந்தின் கோடியில் இருந்த பண்ணைக்கு வந்து சேர்ந்தேன். பண்ணை என்றதும் ஏக்கர் கணக்கில் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஒரு வீடு, அதன் பின்னால் ஒரு கல்யாணப் பந்தல் போடும் அளவு இடம். அதில் வரிசையாகச் சிமெண்டுத் தொட்டிகள். மேலே பச்சை வலையும் தென்னங்கீற்றும் நிழல் கட்டியிருந்தன. தொட்டிக்குத் தொட்டி மெல்லிய ரப்பர் குழாய் ஓடி, தண்ணீரில் 'குபுகுபு'வென்று காற்றை விட்டுக்கொண்டிருந்தது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தொட்டிக்குள் கையை விட்டுத் துழாவிக் கொண்டிருந்த அம்மாளுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். காலையில் மீனுக்குத் தீனி, பிறகுதான் வீட்டுக்காரருக்கு இட்லி என்று அவரே சொன்னார்.

முதலில் ஒரு தொட்டியைக் காட்டினார். குட்டி மீன்கள், நூற்றுக்கணக்கில். எல்லாம் சேற்று நிறம்.

"இது என்ன மீன், அம்மா?"

"கோல்ட் பிஷ்தான், தம்பி."

"தங்கத்தையே காணோமே!"

"ரெண்டு மூணு மாசம் போகணும். பொறந்தப்பவே யாரு நகை போட்டுக்கினு வராங்க?"

தங்க மீன் நம் கெண்டைக்கு ஒன்றுவிட்ட சகோதரன். சீன தேசத்துக் குளங்களில் இருந்த சாம்பல் நிறக் கெண்டைகளில் எப்போதாவது ஒன்று மஞ்சளாகப் பிறக்கும். அதைப் பொறுக்கிப் பொறுக்கித் தனியே வளர்த்து, சோங் வம்சத்து அரசர்கள் ஆண்ட காலத்திலேயே, அதாவது 960-க்கும் 1279-க்கும் இடையில், ஒரு ஜாதியையே உண்டாக்கிவிட்டார்கள். ஐரோப்பாக்காரர்கள் இதைப் பார்த்தது 17-ஆம் நூற்றாண்டில்தான். தலையில் முந்திரிக்கொத்து வைத்த ஒராண்டா, கண் பிதுங்கிய கறுப்பு மூர் எல்லாம் இப்படிப் பொறுக்கி எடுத்தவையே. சீனர்கள் முதலில் இவற்றைக் குளத்திலும், பிறகு பெரிய பீங்கான் தொட்டியிலும் விட்டு, மேலே இருந்து குனிந்து பார்த்தே ரசித்தார்கள். பக்கத்திலிருந்து பார்ப்பது கண்ணாடி வந்த பிறகு வந்த பழக்கம்.

குஞ்சு பொரிக்கும் வித்தையை அந்த அம்மாள் சமையல் குறிப்பு மாதிரி சொன்னார். ஆண் மீனுக்குச் செவுள் மூடியின் மேல் உப்புத் தூவினாற்போல வெள்ளைப் புள்ளிகள் தோன்றும். அப்போது ஜோடி சேர்த்துத் தொட்டியில் ஆகாயத் தாமரையை மிதக்க விட வேண்டும். விடியற்காலையில் பெண் மீன் இடும் முட்டைகள் அதன் வேரில் ஒட்டிக்கொள்ளும். உடனே பெற்றோரைப் பிரித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் முட்டை அவர்களுக்கே பலகாரம். மூன்று நாளில் குஞ்சு. வேகவைத்த முட்டையின் மஞ்சள் கருவைத் துணியில் கட்டித் தண்ணீரில் பிழிந்துவிட்டால் அதுதான் பால் சோறு. வால் சரியாக விரியாத குஞ்சுகளை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். பெரிய மீன் வளர்ப்பவர்கள் இரைக்கு வாங்கிப் போவார்கள் என்றார், தண்ணீரைப் பார்த்தபடியே. நான் மேலே கேட்கவில்லை.

வந்த காரியத்துக்கு வந்தேன். "குளிர்ந்த தண்ணி மீன் என்கிறார்களே, நம் வெயிலில் எப்படி இருக்கிறது?"

"எங்கிட்ட இருக்குதே, தெரியலியா?" என்றார். "இங்கியே பொறந்து இங்கியே வளருது. ஆமா, உங்க புள்ளை எதிலே வெச்சிருந்துச்சு?"

கைகளால் கிண்ணத்தின் அளவைக் காட்டினேன். அந்த அம்மாள் என் கைகளைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "சொம்புலே மாட்டைக் கட்டினீங்களா?" என்றார்.

விஷயம் இதுதான். மீன் சாப்பிடுவதும் தண்ணீரில், கழிப்பதும் தண்ணீரில். தங்க மீனுக்கு இரைப்பை என்ற ஒன்றே கிடையாது. போட்டதெல்லாம் உள்ளே போய் வெளியே வந்துகொண்டே இருக்கும். அதன் செவுள் வழியாக அம்மோனியா என்ற நஞ்சு சதா கசிகிறது. பழகிய தொட்டியில் கல்லிலும் பஞ்சிலும் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அந்த நஞ்சை இரண்டு படியாக மாற்றி அதிகத் தீங்கில்லாததாக்கிவிடுகின்றன. அவை ஒரு புதுத் தொட்டியில் குடியேறவே நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். நாலு லிட்டர் கிண்ணத்தில், புதுத் தண்ணீரில், அவற்றுக்கு ஏது அவகாசம்? அக்காவோ சுத்தக்காரி. தினம் கிண்ணத்தைத் தேய்த்துக் கழுவிக் குழாய்த் தண்ணீரைப் பிடித்திருக்கிறாள். உண்டான கொஞ்சநஞ்ச நுண்ணுயிரும் போயிற்று. குழாய்த் தண்ணீரின் குளோரினும் சேர்ந்துகொண்டது.

வெயிலுக்கும் இதில் பங்கு இல்லாமல் இல்லை. 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய 9 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும். 30 டிகிரியில் ஏழரைதான். ஆகவே நம் ஊரில் அந்த மீனுக்கு இன்னும் அதிகத் தண்ணீர், நிழல், காற்றுக் குழாய் எல்லாம் வேண்டும். நாமோ சீமைக்காரன் கொடுப்பதையும்விடக் குறைவாகக் கொடுக்கிறோம். ஒழுங்காக வைத்தால் பத்து வருஷத்துக்கு மேலும் இருக்கும். இங்கிலாந்தில் டிஷ் என்று ஒரு தங்க மீன் 43 வருஷம் வாழ்ந்து 1999-ல்தான் கண்ணை மூடியது. (மூடவில்லை, மீனுக்கு இமை கிடையாது.)

எனக்கு ஒரு சந்தேகம். பையில் இரண்டு டம்ளர் தண்ணீரில் அடைத்துக் கேரளத்துக்கும் பெங்களூருக்கும் அனுப்புகிறார்களே, அது மட்டும் சாகாதா? கேட்டுவிட்டேன். அனுப்புவதற்கு முதல் நாளிலிருந்தே பட்டினி போட்டுவிடுவார்களாம், தண்ணீர் கெடாதிருக்க. பையில் ஒரு பங்குதான் தண்ணீர், மீதி இரண்டு பங்கும் சிலிண்டரிலிருந்து பிடித்த பிராணவாயு. மேலே சூடு தாக்காமல் தெர்மகோல் பெட்டி. "அது ரயில் பயணம், தம்பி. ரயில்லியே குடித்தனம் பண்ண முடியுமா?"

கேட்டதெல்லாம் கேட்டு முடித்து, நல்ல சிவப்பாக இரண்டு பொறுக்கித் தரச் சொல்லிப் பணத்தை நீட்டினேன். அந்த அம்மாள் வாங்க மறுத்துவிட்டார்!

"மொதல்லே தொட்டியை ரெடி பண்ணு. ஒரு மாசம் கழிச்சு வா, தரேன்."

மீனுக்குப் பதில் எனக்குக் கிடைத்தது, அவர் தொட்டியில் ஊறிக் கறுத்துப்போன ஒரு துண்டுப் பஞ்சும் ஒரு பிடி கூழாங்கல்லும், பை நிறையத் தண்ணீரில். அதில்தான் அந்த நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றனவாம், உறைமோர் மாதிரி. கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். வளர்க்கப் பிடிக்காவிட்டால் மீனைத் திரும்பக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். ஏரியில் கொட்டக் கூடாது. கடைகளில் 'டாங்க் கிளீனர்' என்று விற்கும் முரட்டுத் தோல் மீனை யார் யாரோ கொட்டப்போய், அது இன்று தமிழ்நாட்டின் பல ஏரிகளில் பெருகி வலைக்காரர்களைப் பாடாய்ப்படுத்துகிறது.

அழுக்குப் பஞ்சைப் பார்த்த அக்கா, "இதற்குத்தான் நாள் பூரா போனாயா?" என்றாள். இருந்தாலும் கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், வாஷிங் மெஷின் வந்த நாளாய்ச் சும்மா கிடந்த பழைய சிமெண்டுத் தொட்டியை அவளே தேய்த்துக் கொடுத்தாள். 300 லிட்டர் பிடிக்கும். வேப்ப மர நிழல். எல்லாரும் திட்டுகிற போர்வெல் உப்புத் தண்ணீர்தான் ஊற்றினோம். தங்க மீனுக்குச் சற்றுக் கடினமான தண்ணீர் ஒத்துக்கொள்ளும். காக்கைக்கும் மீன்கொத்திக்கும், அதைவிட முக்கியமாகக் கொசுவுக்கும் பயந்து வலை போட்டு மூடினோம்.

மீனே இல்லாத தொட்டிக்குத் தினம் இரண்டு உருண்டை தீனி போடும் உத்தியோகம் குழந்தைக்கு. நுண்ணுயிர்களுக்கு அதுதான் சாப்பாடு. முதல் நாள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டது. "இதிலே சாகிறதுக்கு ஒன்றுமே இல்லையே!" என்றேன். யோசித்துவிட்டுப் போட்டது. எதிர் வீட்டுப் பாட்டி வேலியோரம் நின்று இதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள்.

ஐந்து வாரம் கழித்து அம்மூவரும் கொளத்தூருக்குப் போய் இரண்டு மீன் வாங்கி வந்தார்கள். வாரத்துக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மொண்டு ரோஜாச் செடிக்கு ஊற்றுவது குழந்தையின் வேலை. ஊற்றுகிறது. சித்திரை வெயிலையும் தாண்டிவிட்டன இரண்டும். விரல் நீளத்தில் வந்தவை இப்போது உள்ளங்கை அகலம்.

போன வாரம் தொட்டியில் குனிந்துகொண்டிருந்த குழந்தை திடீரென்று கேட்டது: "மாமா, அப்போ அந்த மூணு மீனையும் நான் கொல்லலையா?"

"இல்லேடி கண்ணு. நாங்க வாங்கிக் கொடுத்த கிண்ணம் பத்தலை. பெரியவங்களுக்குத் தெரியலை."

சற்று நேரம் பேசாமல் இருந்தது. பிறகு, "அப்போ அப்பாவும் நீங்களும்தான் கொன்னீங்களா?" என்றது.

அத்தான் அவசரமாகப் பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.