ஓட்டமும் கட்டுப்பாடும்

சங்கப் புலவர் ‘ஞமலி’ என்று குறித்த நாய், பண்டுதொட்டே மாந்தரின் வேட்டைத் துணை. வேட்டை நாய்களுள் மோப்பத்தை நம்புவன ஒருவகை. பார்வையை நம்புவன மற்றொருவகை. மேலைநாட்டுக் கிரேஹவுண்டும் நம் கரிசல் நிலத்துச் சிப்பிப்பாறை, கன்னி நாய்களும் இரண்டாம் வகையின. நீண்ட முகம், ஆழ்ந்த மார்பு, ஒட்டிய வயிறு, நெடிய கால்கள் என உறுப்புகள் யாவும் ஓட்டத்திற்கென்றே அமைந்தவை. முழு விரைவில் ஓடுகையில், ஒவ்வொரு பாய்ச்சலிலும் இருமுறை நான்கு கால்களும் நிலத்தை விட்டு எழும். மரங்கள் அருகிய கரிசல் வெளியில் முயலைத் துரத்த இவ்வுடலே உதவிற்று.

ஓடுதல் பிறவிக் குணம். அழைத்ததும் திரும்புதலோ பயிற்சியால் வருவது. இரையைக் கண்டுவிட்ட நாயின் செவியில் வளர்ப்பவரின் குரல் எளிதில் ஏறாது. ஆதலால் குட்டிப் பருவத்திலேயே அழைப்புக்குப் பழக்குதல் வேண்டும். கட்டுப்பாடற்ற விரைவு களத்தில் பயன்படுவதில்லை.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இன்று முயல் வேட்டை குற்றம். முயல் பிழைத்தது, நாயோ தொழிலை இழந்தது. அழகுக்காக மட்டுமே வளர்க்கப்படும் இனத்தின் திறன் தலைமுறைதோறும் தேயும். இந்நிலையில், கர்நாடகத்தின் முதோள் வேட்டை நாய்களுக்கு இந்திய இராணுவம் 2016இல் மீரட்டில் பயிற்சியளிக்கத் தொடங்கியது நம்பிக்கை தருகிறது. வேட்டை மறைந்தாலும் காவலும் தேடலும் மறையவில்லை. ஓர் இனத்தைக் காப்பது என்பது, அதன் ஆற்றலுக்கு உரிய பணியைத் தேடித் தருவதுமாகும்.