காட்டுக்குக் கொடுத்த வாரம்

யாழ்ப்பாணத்தில் எங்கள் கோழிகளுக்கு வேலிதான் எல்லை. கிடுகுப் பொட்டுக்குள்ளால் பக்கத்து வளவுக்குள் நுழைந்து கத்தரிக்கன்றைக் கிளறினால் பின்னேரமே வழக்கு வரும். 1970களின் தொடக்கத்தில் வெங்காயமும் மிளகாயும் வெளிநாட்டிலிருந்து வராமற்போக, வன்னியில் தோட்டம் செய்தவர்கள் காசு கண்டார்கள். ஐயாவும் முத்தையன்கட்டுப் பக்கம் காணி எடுத்தார். மண்வெட்டி, கிடாரம், நெல்மூட்டையோடு கால் கட்டிய சில பேடுகளும் ஒரு சேவலும் லொறியில் வந்திறங்கின. அங்கே வேலியே இல்லை. வெட்டி எரித்த வெளி முடியுமிடத்தில் பாலையும் வீரையும் முதிரையுமாகக் காடு நின்றது.

முதலில் கோழிகள் கொட்டில் தாழ்வாரத்தை விட்டு அசையவில்லை. கறையான் புற்றைக் கண்ட பிறகு பிடிக்க முடியவில்லை. உக்கின இலையைக் கிளறினால் புழு. பாலைப்பழக் காலத்தில் மரத்தடியே போதும். அம்மா தவிடு குழைத்து வைத்ததெல்லாம் பொழுதுபட அவற்றைக் கூப்பிட்டு அடைக்கத்தான். அப்படியும் சில மரத்தில் ஏறிப் படுத்தன. மரநாயும் மரமேறும் என்பது விடியத் தெரிந்தது. ஐயா நாலு கப்பு நட்டு உயரத்தில் கூடு கட்டினார். எதுவும் பிடித்து ஏறாதபடி கப்புகளைச் சுற்றி மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டி அடித்தார்.

அடை வைப்பது ஆச்சியின் பொறுப்பு. கடகத்தில் மணல் பரப்பி, முட்டைகளுக்கிடையில் கரித்துண்டும் இரும்பாணியும் வைப்பா. இடி முழங்கினால் கூழ்முட்டையாகாமல் இருக்கவாம். சில நாள் போனதும் ஒவ்வொன்றாக விளக்கு வெளிச்சத்தில் பிடித்து, உள்ளே சிவப்பு நரம்பு ஓடுகிறதா என்று பார்ப்பா. 21ஆம் நாள் கடகத்துக்குள் கீச்சுச் சத்தம் கேட்கும். அதற்குப் பிறகு பருந்து, கீரி, சாரை என்று ஒவ்வொன்றாக வரும். நாங்கள் அழுதால் அம்மா சொல்லுவா: "தீன் போடுறது காடு. அதுக்கு வாரம் குடுக்கவேணும்தானே!"

காடு எடுத்ததோடு நிற்கவில்லை. விடியற்காலையில் வெளியின் ஓரத்துக்குக் காட்டுச்சேவல் வரும். பொன்னும் செம்மஞ்சளுமான கழுத்து; சிவந்த கொண்டையின் நடுவில் மஞ்சள். இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாத இனம் அது. எங்கள் வீட்டுச் சேவல் அதைக் கண்டால் கூவுவதையே நிறுத்திவிடும். ஒருமுறை காணாமற்போன பேடு ஒன்று, செத்ததென்று கைவிட்ட பிறகு, குஞ்சுகளோடு பற்றைக்குள்ளிருந்து வெளியே வந்தது. களவாய் அடைகிடந்திருக்கிறது. அந்தக் குஞ்சுகளில் இரண்டு எங்கள் கை படவே விடவில்லை. செட்டை முளைத்ததும் கூட்டை மறந்து காட்டோடு போயின. "அதுகள் தகப்பன்ரை பக்கம்" என்றா ஆச்சி.

2009 தொடக்கத்தில் சண்டை நெருங்க, அம்மா கூட்டைத் திறந்து விட்டுவிட்டுத்தான் படலையைத் தாண்டினா. மீளக் குடியேறியபோது கூடும் இல்லை, கோழியும் இல்லை. இப்போது அயலில் தகரக் கொட்டிலுக்குள் வெள்ளை இறைச்சிக்கோழி வளர்க்கிறார்கள். ஆறு கிழமைக்குள் நிறுத்து விற்கலாம். கம்பிவலை இருப்பதால் கீரிக்கும் பருந்துக்கும் ஒன்றும் கிடையாது. ஆனால் வித்த காசு வந்ததும் முதலில் தீன் கடைக் கடனைத்தான் கட்டுகிறார்கள். வாரம் நிற்கவில்லை; வாங்குகிற ஆள்தான் மாறியிருக்கிறார்.